மூன்று பேருக்கு நாற்பத்தைந்து கிலோ

குன்னூரில் நான் ஏழு வருடம் பாடம் எடுத்த சின்னப் பள்ளிக்கூடத்தை, பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். கணவர் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். அந்த ஒரு சம்பளத்தில் வாடகை, மகளின் படிப்பு இரண்டும் இழுபறியாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், குடும்பங்களின் மாதச் செலவைக் கணக்கெடுக்க ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பழைய தோழி ஒருத்தி சொன்னாள். மூன்று நாள் ஊட்டியில் பயிற்சி. பதில்களை அடித்துப் பதிய கையில் ஒரு டேப் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது பந்தலூர்ப் பக்கம். தினமும் போய்வர முடியாத தூரம். பஜாருக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு பகுதியிலும் சில வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் போகவேண்டும். கடந்த முப்பது நாளில் அந்த வீட்டில் என்னென்ன செலவானது என்று அரிசியில் ஆரம்பித்து ஒவ்வொரு பொருளாகக் கேட்கவேண்டும். பருப்பு, எண்ணெய், கருவாடு, வெற்றிலை, சோப்பு, செருப்பு, செல்போன் ரீசார்ஜ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். குங்குமப்பூ வாங்கினீர்களா என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு. எஸ்டேட் லயங்களில் அதைக் கேட்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். கடைசியில் எல்லா வீட்டையும் கூட்டி வகுத்து, இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் சராசரியாக மாதம் இவ்வளவு செலவழிக்கிறது என்று ஒரு எண் வரும். அந்த எண்ணை வைத்துத்தான் பல முடிவுகள் எடுக்கிறார்கள், அதனால் ஒரு கிலோகூடத் தப்பாக எழுதக்கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். சமையல் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள், முடிந்தவரை தனியாகக் கேளுங்கள் என்று. நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என்மேல் எனக்கே வருகிற கோபத்துக்கு அந்த அடிக்கோடு ஒரு காரணம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்த வீடு நெல்லியாளத்தைத் தாண்டி ஒரு எஸ்டேட்டில், ஆறு வீடுகள் ஒட்டியிருக்கிற லயத்தில் நான்காவது. இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு வந்த தம்பதி. கணவருக்கு எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. அந்த அக்கா கொழுந்து எடுப்பவர். பன்னிரண்டாவது படிக்கிற மகள் ஒருத்தி. ஆக மொத்தம் மூன்று பேர் என்று பதிந்தேன்.

முதல் தடவை போனது ஜூன் மாதம். மழை பிடித்திருந்தது. நான் நனைந்து போய் நின்றதைப் பார்த்ததும் அந்த அக்கா, "உள்ளுக்கு வாங்க மிஸ், மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டார். ஒடிசலும் இல்லை, பருமனும் இல்லை. தோளும் கையும் வேலை செய்து இறுகிய உடம்பு. பேசும்போது கூடவே சிரிப்பும் வரும். அவருடைய கணவர் அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, வாசல் பக்கத்தில் உட்கார்ந்து குடைக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். தனியாகக் கேட்கவேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது. ஆனால் மழை, இன்னும் இரண்டு வீடு பாக்கி, நாலு மணிக்குமேல் யானை இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே ஆரம்பித்துவிட்டேன்.

"அரிசிங்கக்கா. ரேஷன்ல எவ்வளவு வாங்குனீங்க?"

"இருவது கிலோ."

"கடையில?"

"ஒரு சிப்பம். இருவத்தஞ்சு."

"மாசத்துக்குள்ள தீந்துருச்சுங்களா, மிச்சம் இருக்குதுங்களா?"

"மிச்சம் எங்க? தீந்துருச்சு."

நாற்பத்தைந்து என்று அடித்தேன். டேப்பில் அந்தக் கட்டம் சிவப்பாக மாறியது. ஆள் கணக்குக்கு அளவு அதிகம், மீண்டும் கேட்டு உறுதிசெய்யவும் என்று வந்தது. அப்படி வந்தால் காரணம் எழுதாமல் அடுத்த பக்கம் திறக்காது.

"மூணு பேருக்கு நாப்பத்தஞ்சு கிலோங்களா அக்கா? ரொம்ப வருதுங்களே. விருந்தாளிங்க யாராச்சும் வந்து தங்குனாங்களா?"

"யாரும் வரல்ல. நாங்க சோறு நல்லா சாப்புடுவோம் மிஸ்."

"கோழி கீழி வளக்குறீங்களா? அதுக்குப் போட்டீங்களா?"

அவர் அடுப்பில் இருந்த விறகை உள்ளே தள்ளினார். வாசல் பக்கமிருந்து அவருடைய கணவர் கேட்டார்: "சிப்பம் ரெண்டு மாசத்துக்கு ஒன்னுதானே வாங்குறோம்?"

அக்கா என்னைப் பார்த்து வேகமாகச் சொன்னார்: "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். பாதிச் சிப்பம்தான் தீந்தது. முப்பத்திரெண்டுன்னு போடுங்க."

"அப்ப மிச்சம் இருக்கணுமே," என்றார் கணவர். குடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "சாக்குல ஒன்னும் இல்லையே."

எனக்கு அப்போதாவது உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. குடும்பத்தில் கணக்கு முன்பின்னாக இருப்பது எங்கும் நடப்பதுதான் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு என்று மாற்றினேன். சிவப்பு போய்விட்டது. சரியாகச் சரிபார்த்து எழுதிய திருப்தி கூட எனக்கு இருந்தது. பருப்பு, எண்ணெய் என்று கேட்டுக்கொண்டே போனேன். அதன்பிறகு அந்த அக்கா எதற்கும் சிரிக்கவில்லை. குங்குமப்பூவுக்கும் சிரிக்கவில்லை.

ஜூலையில் மறுபடி போனபோது பதில் சொன்னது அவர் இல்லை, கணவர். எனக்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அரிசி ஒரு நாளைக்கு ஒரு கிலோ. முப்பது நாளைக்கு முப்பது. எழுதிக்கங்க மேடம். இனி ஒரு பிடி கூடாது, குறையாது."

அரிசிச் சாக்கு முன்பு இருந்த மூலையில் இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது. காலையில் அவரே ஒரு கிலோ அளந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகளை முடித்துக்கொண்டு எழுந்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு அக்காவும் கூடவே வந்தார். லயத்துக்குக் கீழே பைப்படியில் யாரும் இல்லை.

"மூத்தவ ஒருத்தி இருக்கா மிஸ்," என்றார். "நீங்க வீட்டுல எத்தன பேருன்னு கேட்டப்ப சொல்லல்ல. அவர் இருக்குறப்ப அவ பேச்ச எடுக்க முடியாது."

மூத்த மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா அவள் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்கிவிட்டார். எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். எட்டு மாதக் குழந்தை. அவள் கணவன் ஜீப் ஓட்டுகிறவன். மழையில் வண்டி சரிந்து கால் உடைந்து நான்கு மாதமாகப் படுத்திருக்கிறான். தினமும் காலையில் அரைக் கிலோ அரிசியைத் துணியில் முடிந்து, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டு போவாராம் இந்த அக்கா. மகள் பாலத்தடியில் வந்து வாங்கிக்கொள்வாள். கடைச் சிப்பத்தை இவர் தன் சம்பளத்தில் வாங்கினார். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பது கணவருக்குத் தெரிந்த கணக்கு. மாதத்துக்கு ஒன்று என்பது இவருக்கு மட்டும் தெரிந்தது.

"நீங்க போனப்புறம் அவர் கடையில போய் கேட்டுட்டாரு. கடக்காரன் நோட்டப் பாத்துச் சொல்லிட்டான். மிச்சம் யாருக்குப் போவுதுன்னு அவருக்கே வெளங்கிருச்சு."

"அடிச்சாருங்களா?" என்று கேட்டேன்.

"அடிக்கல்ல. அடிச்சிருந்தா ஒரு நாளோட போயிருக்கும்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் குடத்தைப் பைப்புக்கு அடியில் வைத்துவிட்டு, "ஒங்க வேல, நீங்க கேட்டீங்க. அதுல தப்பு சொல்லல்ல. ஆனா அந்தாள் இருக்கக்குள்ள கேட்டுட்டீங்களே புள்ள" என்றார். அவர் என்னை மிஸ் என்று கூப்பிடாமல் புள்ள என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதில் இருந்த உரிமைதான் வலித்தது, அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அறைக்கு வந்ததும் என் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விதி என்னங்க சொல்லுது? வீட்டுக்கு வெளிய குடுத்த அரிசி அந்த வீட்டு நுகர்வுல சேராது. அப்படிப் பாத்தா முப்பத்திரண்டுதான் சரி. நீங்க கேட்டதாலதான் சரியான அளவு வந்துருக்குது. இதுல உங்களுக்கு என்னங்க சங்கடம்?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நான் எழுதிய எண் சரியான எண். அது தவறாக இருந்திருந்தால் திருத்துவதற்காவது ஏதாவது இருந்திருக்கும். அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பூட்டிய வீடாக இருந்தாலோ, பதில் சொல்ல மறுத்தாலோதான் மாற்றமுடியும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தத் தடவை சிலிண்டர் சீக்கிரம் தீந்துருச்சு போல" என்றார். சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. "இனிமே நீங்களே அளந்து பத்த வைங்க" என்று கத்திவிட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் என் தம்பிக்குக் கொஞ்சம் அனுப்புகிறேன். அது என் கணவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி யாராவது ஒருத்தி டேப்போடு உட்கார்ந்தால் நானும் திணறித்தான் போவேன். அதையெல்லாம் அவரிடம் சொல்லாமல், தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை பந்தலூர் வந்ததும் பத்துக் கிலோ அரிசி வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து அந்த மூத்த மகளைத் தேடிப் போனேன். கணக்கெடுக்கிற வீட்டுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கக்கூடாது. அவள் வீடு என் பட்டியலில் இல்லை, அதனால் விதி தடுக்காது என்று வழி நெடுகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டி, சரிவில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் அதே முகம். உள்ளே கட்டிலில் அவள் கணவன் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"நீங்கதான் அந்த கம்ப்யூட்டர் மிஸ்ஸா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அரிசிப்பையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு இப்படி யாரும் வந்து கேட்டதில்லையே. என்ன வாங்குறோம், என்ன திங்குறோம்னு."

"உங்க வீடு குலுக்கல்ல வரலம்மா."

"எங்க வீடு எதுலயும் வராது. அப்பா கார்டுல பேர எடுத்துட்டாரு. புதுக் கார்டுக்கு எழுதிக் குடுத்தா, இவர் பேர அவங்க ஊர் கார்டுல இருந்து நீக்குன சர்ட்டிபிகேட் வேணுங்கிறாங்க. இவரால எந்திரிச்சு நிக்கவே முடியல."

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னாள். அரிசிப்பை இன்னும் என் கையிலேயே இருந்தது. "வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினாள். நன்றி என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் இன்னும் கூசிப்போயிருப்பேன்.

ரேஷன் கார்டு விஷயத்தில் மட்டும் என்னால் ஏதாவது செய்யமுடியும் என்று தோன்றியது. அவள் நம்பரை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு இரண்டு தடவை அலைந்தேன். அவள் கணவனின் சொந்த ஊரில் இருக்கிற ஒருவரைப் போனில் பிடித்துப் பெயர் நீக்கச் சொன்னோம். விண்ணப்பம் போட்டாயிற்று, வர நாளாகும் என்றார்கள்.

மூன்றாவது தடவை அந்த அக்கா வீட்டுக்குப் போக, அவர் கணவர் பகல் ஷிப்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். மழைக்காக அன்றைக்குக் கொழுந்து வேலையைச் சீக்கிரம் நிறுத்தியிருந்தார்கள். அக்கா தனியாகத்தான் இருந்தார். கதவைத் திறந்தவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜாக்கெட் கைகள் தொளதொளவென்று நின்றன.

"அக்கா, உடம்புக்கு என்னாச்சுங்க?"

"ஒன்னுமில்ல. மழைக்கு ஒத்துக்கல்ல. நீங்க கேளுங்க, எழுதணுமே."

கேட்டேன். அரிசி முப்பது கிலோ. மூன்று பேர். ஆளுக்குப் பத்துக் கிலோ. டேப் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. பட்டியலில் வழக்கமான அந்தக் கேள்வி வந்தது: குடும்பத்தில் இல்லாதவர்களுக்கு வீட்டில் பரிமாறிய சாப்பாடு எத்தனை வேளை?

"பரிமாறல்ல," என்றார். பிறகு, "மலைக்குக் கொண்டுபோற சோத்துப்பெட்டிய பாலத்துல குடுத்துட்டு வாறேன். அது என்னோட சோறுதானே மிஸ். அந்தாள் அளந்து குடுத்ததுல என் பங்கு. அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றார்.

அப்படி ஒரு கட்டம் இல்லை. வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்போம், எத்தனை பேர் என்று கேட்போம், வகுத்துக்கொள்வோம். அந்த மூன்று பேரில் ஒருத்தி காலையில் ஒரு ரொட்டியும், நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு ராத்திரிக் கொஞ்சம் சோறுமாகத் தள்ளிக்கொண்டிருந்தாலும், ஆளுக்குப் பத்துக் கிலோ என்றுதான் வரும்.

"நான் உங்க மகளுக்கு அரிசி குடுத்துருக்கேனுங்க. இன்னும் குடுக்குறேன். நீங்க சாப்பிடுங்கக்கா."

"தெரியும். சொன்னா. நீங்க எத்தன நாளைக்குக் குடுப்பீங்க?"

அந்த மாதம் என் அறை வாடகையை இரண்டு தவணையாகக் கொடுத்திருந்தேன். கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்" என்று அவசரமாகச் சொன்னார். "நீங்க பேசினது போதும்."

பதினைந்து நாள் கழிந்திருக்கும். வேறொரு லயத்தில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இளைய மகள். அம்மா கொழுந்து மலையில் மயங்கி விழுந்து உருண்டுவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அழுதாள்.

"அக்காவுக்குச் சொல்லணும் மிஸ். அம்மா போன்ல அக்கா நம்பர அப்பா அழிச்சிட்டாரு. ஒங்ககிட்ட இருக்கும்னு அம்மாதான் சொன்னாங்க."

மூத்தவளுக்குப் போன் செய்துவிட்டு நானும் ஓடினேன். பெரிய அடி இல்லை. நெற்றியில் தையல், தோளில் சிராய்ப்பு. ரத்தம் ரொம்பக் குறைவு, சரியாகச் சாப்பிடுவதில்லையா என்று டாக்டர் கேட்டாராம். நான் போனபோது குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் அவர் கணவர் நின்றார், ஃபேக்டரியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் டீத்தூள் மணம். மறுபக்கம் மூத்த மகள் குழந்தையோடு. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. குழந்தை மட்டும் கட்டிலைத் தாண்டி அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடிக்க எட்டிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விட்டார்.

வராந்தாவில் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டர் என்ன கேட்டாரு தெரியுமா மேடம்? வீட்டுல சோத்துக்குப் பஞ்சமான்னு கேட்டாரு. இருவது பேர் கேக்க. தெனம் ஒரு கிலோ அளந்து குடுக்குறேன்னு சொன்னேன். அவர் சிரிச்சாரு."

வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவ கொண்டுபோய் குடுத்தது எனக்குத் தெரிஞ்சிருக்கவே வேணாம். அன்னைக்கு நீங்க கேக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாம நல்லாத்தான் இருந்தோம். தெரிஞ்சப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்குறது? லயத்துல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கமாட்டாங்களா?"

"அவங்க உங்க பொண்ணுதானுங்களே," என்றேன்.

"அதெல்லாம் ஒங்க டேப்புல இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கி டீக்கடைப் பக்கம் போனார். அரைமணி கழித்து ஒரு பாலும் இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கிவந்தார். பாலை மனைவியின் தலைமாட்டில் வைத்தார். மற்றதைக் கட்டிலின் ஓரத்தில், மூத்தவளுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில் இளையவள்தான் குடித்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியில் பூட்டுப் போடுவதை அவர் நிறுத்திவிட்டார் என்று அக்கா போனில் சொன்னார். ஆனால் காலையில் அளப்பதை நிறுத்தவில்லை. "என் தட்டுல சோறு போட்டு, நான் தின்னு முடிக்குறவரைக்கும் எதிர்ல ஒக்காந்திருக்காரு. எனக்கு எறங்கமாட்டேங்குது" என்றார். அதை அக்கறை என்று எடுத்துக்கொள்வதா, காவல் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மருமகனுக்குக் கால் ஓரளவு கூடியதும் மூத்தவள் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அவளுக்கு ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. புது ரேஷன் கார்டு அவர்கள் போன பிறகுதான், பந்தலூர் முகவரிக்கு வந்தது. நான் அதை வாங்கித் தபாலில் அனுப்பிவைத்தேன். முகவரி மாற்ற அவள் மறுபடி அலைந்திருப்பாள்.

எங்கள் கணக்கெடுப்பு முடிந்தபோது ஊட்டியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வட்டாரவாரியாக ஒரு குடும்பத்தின் சராசரிச் செலவைத் திரையில் காட்டினார்கள். என்னுடைய பகுதியில் பிழை மிகக் குறைவு என்று பேர் சொல்லிப் பாராட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு மைக்கைக் கேட்டு வாங்கி, தனியாகக் கேட்கவேண்டியதைத் தனியாகக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஒப்பந்தம் வேண்டியிருந்தது. அது கிடைக்கவும் செய்தது. இப்போது ஆண்கள் வீட்டில் இருந்தால் "அப்புறமா வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அதனால் ஒரு நாளைக்கு மூன்று வீடு முடியவேண்டிய இடத்தில் இரண்டுதான் முடிகிறது. சூப்பர்வைசர் கடிந்துகொள்கிறார்.

அந்த அக்கா மட்டும் மாதத்தில் ஒருமுறையாவது போன் செய்வார். போன வாரமும் செய்தார். பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள் என்று திருப்பூரிலிருந்து சொல்லியனுப்பியிருந்தாள் மூத்தவள். இவரால் ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது, இளையவளுக்குப் பரீட்சை. நீங்களாவது போங்க என்று கணவரிடம் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாராம். அவர் விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு கிளம்பிப் போய்விட்டார்.

"போனாருங்களா அக்கா?" என்றேன்.

"மேட்டுப்பாளையம் வரைக்கும் போயிருக்காரு. அங்க எறங்கிச் சாப்புட்டுட்டு, அடுத்த பஸ்ல மேல ஏறி வந்துட்டாரு."

"ஐயோ."

"பையில குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கி வச்சிருக்காரு மிஸ். யாருக்குன்னு கேட்டேன், பதில் இல்ல. அலமாரியில வச்சிட்டு மேல போர்வையப் போட்டு மூடிட்டாரு." கொஞ்சம் இருமினார். "அடுத்த தடவ கோயமுத்தூர் வரைக்குமாவது போவாரு. நீங்க சாப்புட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொன்னேன். அக்கா சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிட்டார்.